எம்ஆர் என்றால் மூணாறு அல்ல

குமுளியில் எங்கள் கடை மாடியில் இருக்கிறது. கீழே தங்கம் உருக்கிக் கொடுக்கும் கடை, அதை ஒட்டி வரிசையாக ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கிற கடைகள். அந்தப் பாக்கெட்டுகளில் ஒட்டுகிற லேபிள்களை அடித்துக் கொடுப்பதுதான் எனக்கும் என் நாத்தனாருக்கும் தொழில். நான் கம்பத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறி வந்தவள். அவள் இங்கேயே எஸ்டேட்டில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் படித்த பள்ளிக்கூடத்துக் கணினிகளில் எல்லாம் லினக்ஸ்தான். அதனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் அவளுக்குப் பயமே வராது. டிசைன் என் பொறுப்பு, மிஷின் அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

அது ஒரு ஜனவரி மாதத்து நாள். மறுநாள் காலையில் ஆனைக்கரை சர்ச்சில் ஒரு கல்யாணம். வருகிற ஒவ்வொருவர் கையிலும் சொந்தத் தோட்டத்து ஏலக்காய் ஒரு சின்னப் பொட்டலம் கொடுக்க வேண்டும் என்பது மணப்பெண்ணின் ஆசை. பொட்டலத்தின் மேல் மணமக்கள் பெயர், கல்யாணத் தேதி, கீழே ஒரு நன்றி. நான் ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்தேன். ஓரத்தில் ஒரு ஏலப்பூ கூட உண்டு. ஆனால் முந்தின நாள் எங்கள் பழைய பிரிண்டர் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. இவரை அவசரமாகக் கம்பத்துக்கு அனுப்பி, புதுசு ஒன்று வாங்கி வரச் சொன்னோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அன்று காலையில் பிரிண்டரை மாடியில் இறக்கி வைத்துவிட்டு, "சாயங்காலம் வர்றேன், மூணு பேருமா போய்க் குடுத்துருவோம்" என்று சொல்லிச் சவாரிக்குப் போய்விட்டார்.

பிரிண்டர் வந்தால் போதாது, அதோடு பேசுவதற்கான மென்பொருளைக் கணினியில் ஏற்ற வேண்டும். லினக்ஸில் இந்த வேலையைப் பேக்கேஜ் மேனேஜர் என்ற ஒன்று பார்த்துக்கொள்ளும். இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும். அதை இறக்கி, அதற்குத் துணையாக வேண்டியதையெல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்திவிடும். நாத்தனார் கட்டளையைத் தட்டினாள். நான் லேபிள் ரோலைப் பிரித்தேன். திரையில் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எச்சரிக்கை ஓடி, கடைசியில் ஒரு வரியோடு எல்லாம் நின்றுபோனது. பிரிண்டருக்கான மென்பொருள் ஏறவில்லை.

"இதேதான் மதினி, இதை வாங்குன நாள்ல இருந்து வருது," என்றாள். "இம்புட்டு நாள் கத்திட்டு வேலையச் செஞ்சுரும். இன்னிக்குக் கத்திட்டு உக்காந்துருச்சு."

அந்தக் கணினி, கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்கி விற்கிற ஒருவரிடமிருந்து நாங்கள் வாங்கிய பழையது. அவருக்கே போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். மனிதர் மிகவும் உற்சாகமாக இருந்தார்.

"ஓ, அது வரும் மோளே! கொறச்சு இங்கிலீஷ் பறயும், பின்னெ நிக்கும். ஞான் கருதியது அது ஸ்வாகதம் பறயுகயாணென்னு!"

கணினி தனக்கு வரவேற்புரை வாசிக்கிறது என்று நினைத்து, தன்னிடம் இருந்தவரை அவர் அதை ரசித்திருக்கிறார். நாத்தனார் போனைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் மறுநாள் கல்யாணம் என்கிற நினைப்பு வந்து அடக்கியது.

போனை வைத்துவிட்டு, அந்த வரவேற்புரையை முதன்முறையாக இரண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தோம். கணினிக்கு நாம் எந்த நாடு, என்ன மொழி, தேதியை எப்படி எழுதுவோம் என்று சொல்லி வைக்கிற ஒரு அமைப்பு உண்டு. லோக்கேல் என்பார்கள். எங்கள் கணினியில் அந்த இடத்தில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்குரிய சரக்கு உள்ளே இல்லை. ஒவ்வொரு முறையும் பேக்கேஜ் மேனேஜர் தேடிப் பார்த்து, கிடைக்காமல், "இங்கே நீங்கள் சொன்னது இல்லையே" என்று புலம்பியிருக்கிறது. புது பிரிண்டரின் மென்பொருளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. லோக்கேல் இல்லையா, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டது.

அது தேடிய பெயர் mr_IN. எம்ஆர், ஒரு அடிக்கோடு, ஐஎன்.

"ஐஎன்னுன்னா இந்தியா. எம்ஆர்னா என்ன?" என்றேன்.

"மிஸ்டரா இருக்குமோ?"

"நீ மிஸ்ஸு, நான் மிஸஸு. இந்தக் கடைக்குள்ள மிஸ்டர் எங்க இருந்து வந்தாரு?"

"அப்ப மூணாறு," என்றாள், பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவள் மாதிரி. "எங்க ஸ்கூலுக்கு வந்த பெட்டியில எல்லாம் மூணாறுக்கு எம்ஆர்னுதான் எழுதியிருக்கும்."

இடுக்கி மாவட்டத்திலேயே பிறந்தவள் சொன்னால் நான் என்ன மறுப்பது? கணினியைத் தயாரித்தவர்களுக்கு மூணாறு தெரிந்திருக்கிறது, குமுளி தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் அம்மா கூப்பிட்டார். "ஏம்மா, லேபிள் ஆயிருச்சா? இங்க பொட்டலம் எல்லாம் மொட்டையா கெடக்கு."

"ஆயிக்கிட்டே இருக்கு பெரியம்மா, மிஷின் சூடாகிக்கிட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டேன். பிரிண்டருக்கு மின்சாரமே இன்னும் கொடுத்திருக்கவில்லை.

நாத்தனார் கைபேசியில் தேடினாள். அவளுக்குக் கிடைத்த யோசனை எளிதாக இருந்தது: எந்த லோக்கேல் இல்லை என்று கணினி சொல்கிறதோ, அதையே உருவாக்கிக் கொடுத்துவிடு. அவ்வளவுதான். திரையில் இருந்த பெயரை அப்படியே எடுத்து, உருவாக்கச் சொல்லும் கட்டளையில் போட்டாள். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடிந்தது என்றது. மறுபடியும் பிரிண்டர் மென்பொருளைக் கேட்டாள்.

எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. புலம்பல் போயே போய்விட்டது. நான் கைதட்டினேன். தட்டிய கை பாதியில் நின்றது. திரையில் எழுத்துகள் எல்லாம் தலையில் கோடு போட்டுக்கொண்டு வரிசையாகத் தொங்கின. கடைசி வரியில் ஒரு கேள்வி. அதன் முடிவில் மட்டும் ஆமாம், இல்லை என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்து. கர்சர் மினுக் மினுக்கென்று பதிலுக்குக் காத்திருந்தது.

"மூணாறுல எப்ப இருந்து இந்தி பேசுறாங்க?" என்றேன்.

நாத்தனார் பள்ளியில் இந்தி படித்தவள். திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, பிரசங்கம் மாதிரி. ஒரு வார்த்தைகூட அவளுக்கே புரியவில்லை.

"என் இந்தி மறந்துபோச்சா, இல்ல இதுக்கே இந்தி தெரியலையா?" என்று அவள் முனகினாள். பிறகு சட்டென்று திரையில் விரலை வைத்தாள். "மதினி, இங்க பாருங்க. இது நம்ம ள மாதிரியே இருக்கு. இந்திப் புத்தகத்துல நான் இந்த எழுத்தைப் பாத்ததே இல்ல. ஆனா எங்கயோ பாத்திருக்கேன்... கீழ! சேட்டு கடைக் காலண்டர்ல!"

கீழே தங்கம் உருக்குகிறவரை இந்தத் தெருவே சேட்டு என்றுதான் கூப்பிடும். குமுளியிலும் கம்பத்திலும் இந்த வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மராட்டியர்கள். அவரும் சாங்லி பக்கத்துக் கிராமத்துக்காரர். இளம் வயதில் வந்து, எங்கள் தமிழையும் இங்குள்ள மலையாளத்தையும் கலந்து பேசக் கற்றுக்கொண்டு, அப்படியே தங்கிவிட்டவர். நான் மாடிப்படியில் ஓடி இறங்கினேன்.

"சேட்டு, கொஞ்சம் மேல வாங்க. எங்க கம்ப்யூட்டர் உங்ககிட்ட ஏதோ பேசுது."

அவர் அப்போதுதான் உலையை அணைத்திருந்தார். கை கரியோடு, காதில் மாட்டிய கண்ணாடியோடு, என்ன ஏது என்று கேட்காமலே பின்னால் வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அரே," என்றார். "இது எங்க மராட்டி!"

பிறகு எங்களை மறந்துவிட்டார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, உதடு அசைய, தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார். நடுநடுவே சிரித்தார். எங்களுக்குப் பொறுக்கவில்லை.

"என்னதான் சொல்லுது?" என்றாள் நாத்தனார்.

"புது சாமான் வருதாம். இதெல்லாம் கூட வருதாம். வந்தா இவ்வளவு இடம் எடுத்துக்குமாம். உங்களுக்கு மேல போக இஷ்டமான்னு கேக்குது."

"மரியாதையா கேக்குதா?"

"ரொம்ப மரியாதை. எங்க ஊர் ஆபீஸ்ல ஒருத்தன்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல."

"அப்ப ஆமாம்னு அடிச்சுருவோமா?"

"நான் அடிக்கவா, தாயி?" என்று கேட்டார் சேட்டு. கரிக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலை நீட்டி, மணி அடிக்கிறவர் மாதிரி அந்த விசையை அழுத்தினார். திரையில் மராட்டி மளமளவென்று ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் அவர் எங்களுக்கு உரை சொன்னார். "எடுக்குது... பிரிக்குது... வைக்குது... முடிஞ்சுது!" கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தினோம். பிரிண்டருக்கு மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

எனக்கு அப்போது ஒரு ஆசை வந்தது. "மராட்டியில எங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றேன்.

அவர் குழம்பிவிட்டார். "தாயின்னுதானே இத்தனை வருஷமா கூப்பிடுறேன்?"

"அது தமிழ்ல?"

"தமிழா? தாயின்னா மராட்டியில அக்கா."

நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கம்பம் பக்கத்தில் மகளையோ சின்னப் பெண்ணையோ செல்லமாகக் கூப்பிடுவது தாயி. நம்மைத் தான் பெற்ற மகள் மாதிரி வாய் நிறையக் கூப்பிடுகிறாரே, எவ்வளவு பாசம் என்று நான் எத்தனையோ முறை என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். தலை நரைத்த மனிதர் என்னை அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் சுவரில் சாய்ந்து சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

எப்படியோ முதல் லேபிளை அடித்தோம். ஏலப்பூ அழகாக வந்திருந்தது. மணமக்கள் பெயரும் பளிச்சென்று இருந்தது. கீழே தேதி மட்டும் தலையில் கோட்டோடு வந்திருந்தது. பாக்கெட்டு லேபிள்களுக்காக நாத்தனார் எழுதி வைத்திருந்த ஒரு சின்ன நிரல், மாதத்தின் பெயரைக் கணினியிடமே கேட்டு வாங்கி அச்சிடும். கணினி தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிவிட்டது.

சேட்டு லேபிளை வாங்கி வாசித்தார். "ஜானேவாரி."

"என்னது?"

"ஜனவரி. நாங்க ஜானேவாரின்னு சொல்லுவோம்."

"ஜானேவாரி!" என்றாள் நாத்தனார். அந்த வார்த்தை அவளுக்குள் எங்கே போய் இடித்ததோ தெரியவில்லை. ஆனைக்கரைப் பாதிரியார் பீடத்தில் நின்று, ஜானேவாரித் திருமணத்துக்கு வந்திருக்கிற எல்லோருக்கும் நன்றி என்று சொல்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். அப்போது சரியாக மணப்பெண்ணின் அம்மாவின் அழைப்பு. நான் எடுத்தேன். பேச வாயைத் திறந்தால் சிரிப்புதான் வருகிறது.

"ஏம்மா, அழுகிறியா?" என்று பதறினார் அவர். "லேபிள் வரலைன்னா விடும்மா, போகட்டும். நீ அழாத."

"வந்துருச்சு பெரியம்மா," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா வந்துருச்சு. சாயங்காலம் நாங்களே கொண்டுவர்றோம்."

இனி சரிசெய்தே ஆக வேண்டும். பழைய சொந்தக்காரருக்கு மறுபடி போன் போட்டோம், எம்ஆர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான். "ஞான் மலயாளமாணல்லோ இட்டது!" என்று, தான் வைத்தது மலையாளம்தான் என அவர் சத்தியம் செய்தார். நாத்தனார் லோக்கேல் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மலையாளத்தின் எம்எல்லுக்குச் சில வரிகள் கீழே மராட்டியின் எம்ஆர் இருந்தது. மனிதர் ஏலக்காய் விலை பேசிக்கொண்டே அம்புக்குறியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியிருக்கிறார். மலையாளம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலம் ஆங்கில வரவேற்புரை கேட்டிருக்கிறார். இதைச் சொன்னதும் அவர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அங்கே நின்ற வியாபாரிகளுக்கும் சொல்கிறார் என்பது காதில் விழுந்தது.

"இப்ப மலையாளம் வைக்கவா, இங்கிலீஷ் வைக்கவா?" என்று கேட்டேன்.

நாத்தனார் திரைப் பக்கம் திரும்பினாள். பட்டியலில் கீழே கீழே போனாள். டிஏ என்று ஆரம்பிக்கிற வரியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அதை உருவாக்கச் சொல்லி, இனிமேல் இதுதான் இயல்பான மொழி என்றும் எழுதி வைத்தாள். ஓடிக்கொண்டிருக்கிற நிரல்களுக்கு இந்தச் செய்தி எட்ட வேண்டும் என்றால் ஒருமுறை வெளியே போய்த் திரும்ப உள்ளே வர வேண்டும் என்று சொல்லி, கணினியையே அணைத்துப் போட்டாள்.

திரும்ப வந்ததும் முதலில் தேதியைக் கேட்டாள். கறுப்புத் திரையில் கிழமையும் மாதமும் தமிழில் வந்து நின்றன.

எத்தனையோ லேபிள்களில் தமிழ் அடித்தவள்தான் நான். ஆனால் அதெல்லாம் நான் தட்டி, நான் சொல்லி வந்தது. இது கேட்ட கேள்விக்கு அதுவாகச் சொன்னது. "இன்னொரு தடவ கேளு," என்றேன். கேட்டாள். மறுபடியும் சொன்னது. "இன்னொரு தடவ." நேரம்தான் மாறிக்கொண்டிருந்தது, எங்களுக்குச் சலிக்கவில்லை. பேக்கேஜ் மேனேஜரையும் ஓடவிட்டுப் பார்த்தாள். அதற்குத் தமிழ் வரவில்லை, ஆங்கிலத்திலேயே பேசியது. ஆனால் ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. தன் வேலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

சேட்டு மட்டும் கொஞ்சம் வாடியிருந்தார். "எங்க மராட்டி போயிருச்சா?"

"போகல சேட்டு. ரெண்டும் உள்ள இருக்கு. வேணுங்கிறதக் கூப்பிட்டுக்கலாம்," என்று நாத்தனார் திரையில் ஒரு ஜன்னலில் மட்டும் மராட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் உடனே ஊரில் இருக்கும் மனைவிக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கைபேசியைத் திரைக்கு நேராகப் பிடித்தார். அந்த அம்மா அடுப்படியில் நின்றபடியே வாசித்துவிட்டு ஏதோ சொன்னார். சேட்டு எங்களுக்குச் சொன்னார்: "தாலுகா ஆபீஸ்காரன் மாதிரிப் பேசுதாம். ஆனாலும் நல்ல மராட்டியாம். உங்க ரெண்டு பேரையும் ஊருக்கு வரச் சொல்றா."

பிறகு பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. ஜனவரி, ஜனவரி, ஜனவரி என்று ரோல் நீண்டுகொண்டே போனது. சேட்டு தன் கடைக்குத் திரும்பும்போது, அந்த முதல் லேபிளை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஜீப்பில் ஆனைக்கரைக்குப் போகும்போது இவரிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"இரு, இரு. பிரிண்டர்தானே ரிப்பேரு? அதுக்கு எதுக்கு மராட்டி?"

"மலையாளத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு," என்றாள் அவர் தங்கச்சி.

"மகாராஷ்டிரா எங்கடி மலையாளத்துக்குப் பக்கத்துல இருக்கு?"

அதற்கு மேல் எங்களால் விளக்க முடியவில்லை. இவர் வண்டியை ஏலத்தோட்டத்து ஓரமாக நிறுத்தி, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒன்றுமே புரியாமல் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். கடந்து போகும்போது எங்கள் மூன்று பேரையும் பார்த்து அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு போனார்.

கல்யாண வீட்டில் தார்ப்பாய் விரித்து, மலையாக ஏலக்காய்ப் பொட்டலம் குவித்து வைத்திருந்தார்கள். வீடு முழுக்க வாசம். மணப்பெண்ணின் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். "மதியம் அப்படி அழுதியே தாயி," என்றார். தாயி என்ற சொல் வந்ததும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

லேபிள் ஒட்ட எங்களையும் உட்கார வைத்துவிட்டார்கள். மருதாணி காயாத கையைத் தூக்கி வைத்துக்கொண்டு மணப்பெண் மேற்பார்வை பார்த்தாள். ஒட்டி முடித்தபின் கடைசியாக ஒரு லேபிள் மீந்தது. பெண் அதைக் கேட்டு, மருதாணி படாத விரல் நுனியால் வாங்கி, பிரியாணித் தட்டோடு வந்த அம்மாவின் கன்னத்தில் ஒட்டினாள். "ஏய், சும்மா இருடி," என்றார் அவர். கை இரண்டிலும் தட்டு. அதை எடுக்க முடியாமல், கன்னத்தில் மகள் பெயரோடும் மருமகன் பெயரோடும், பந்தி முழுக்கப் பரிமாறிக்கொண்டு போனார்.